மான்டுவா டூ ஏலாக்குறிச்சி... வழி: காரை!

'மறுமலர்ச்சிக் காலம்'னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருது பாஸ்? மோனலிசாவின் அரைச் சிரிப்பு, மைக்கேல் ஏஞ்சலோ சிலை, அப்புறம் ஸ்கூல் புக்கில் மனப்பாடம் பண்ணின அந்த இரண்டு மார்க் பதில். '1453-ல் துருக்கியர் கான்ஸ்டாண்டிநோபிளைக் கைப்பற்றினர். அறிஞர்கள் சுவடிகளோடு இத்தாலிக்கு ஓடினர். ஆகவே மறுமலர்ச்சி தோன்றியது.' அவ்வளவுதான், கதை முடிந்தது!

உண்மையில் கதை அதற்கு நூறு வருஷம் முன்னாடியே ஆரம்பித்துவிட்டது. 1345-ல் பெட்ரார்க் என்ற கவிஞர் வெரோனா நகர நூலகத்தில் சிசரோவின் பழைய கடிதங்களைக் கண்டுபிடித்துத் தன் கையாலேயே பிரதி எடுத்தார். 'எவரோ சொன்ன சுருக்கம் வேண்டாம், மூல ஏட்டைக் காட்டு' என்கிற பிடிவாதம்தான் அந்தக் காலத்தின் ஸ்பெஷல். ஏட்டில் ஆரம்பித்த பிடிவாதம் பிறகு செடி, எலும்பு, கல், நட்சத்திரம் என்று எல்லாவற்றுக்கும் பரவியது. நேரில் பார், நீயே அளந்து பார்!

சரி, இதைப் பார்க்க ஃப்ளாரன்ஸுக்கு டிக்கெட் எடுக்கணுமா? வேண்டாம். பாடாலூருக்கு ஒரு பஸ் டிக்கெட் போதும் என்று நான் சொன்னபோது, ஹாஸ்டலில் என் ரூம்மேட் தலையணையைத் தூக்கி அடித்தான். "டேய், பெரம்பலூர்ல மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் இருக்கு. அரியலூர்ல சிமென்ட் லாரி இருக்கு. டாவின்சி எங்கடா இருக்காரு?"

இருக்கார். ஒருநாள் கடன் வாங்கிய பைக், இரண்டு பாட்டில் தண்ணீர், எக்ஸாம் எழுதும் ஸ்கேல் ஒன்று. கிளம்பியாச்சு!

(சின்ன ஜி.கே: இந்த இரண்டு ஊரும் பிரிந்து சேர்ந்து பிரிந்த ஜோடி. பழைய திருச்சி மாவட்டத்திலிருந்து 1995-ல் பெரம்பலூர் பிறந்தது. 2001-ல் அரியலூர் தனிக்குடித்தனம் போய், 2002-ல் திரும்பி வந்து, 2007-ல் மறுபடி தனி மாவட்டமானது.)

கல்லாகிப் போன மரம்

முதல் ஸ்டாப் சாத்தனூர். ஆலத்தூர் ஏரியாவில் கரட்டுக் காடும் சோளக் கொல்லையுமாகப் போகிற ரோட்டில் போனால், வேலி போட்ட ஒரு இடம் வரும். உள்ளே ஒரு மரம் படுத்திருக்கிறது. 18 மீட்டருக்கு மேல் நீளம். கிட்டே போய்த் தட்டினால் 'டொக்' என்று மரச் சத்தம் வராது. அது கல்!

வயசு சுமார் 12 கோடி வருஷம். பூக்கிற மரங்கள் உலகத்தில் பரவுவதற்கு முந்தைய ஊசியிலை ஜாதி. ஆற்று வெள்ளம் அடித்துக்கொண்டு வந்து கடலில் தள்ள, மணலும் சேறும் மேலே மூட, மரத்தின் ஒவ்வொரு துணுக்கையும் நீரில் கரைந்து வந்த சிலிக்கா கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிவிட்டது. மரம் போய்விட்டது, மரத்தின் வடிவம் மட்டும் கல்லில் நிற்கிறது. 1940-ல் இதைக் கண்டுபிடித்தவர் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் எம்.எஸ்.கிருஷ்ணன். பிற்காலத்தில் அந்தத் துறைக்கு முதல் இந்திய இயக்குநர் ஆனவர். சிவில் படிக்கிற பசங்களுக்கு இவர் பெயர் எஞ்சினீயரிங் ஜியாலஜி பேப்பரில் எட்டிப் பார்த்திருக்கும்.

கவனிச்சீங்களா? 'கடலில்' என்று சொன்னேன். இப்போது இங்கிருந்து வங்கக் கடலுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் போகணும். அப்போது கடற்கரை சாத்தனூர் பக்கத்திலேயே இருந்தது. கடலைப் பார்க்கத்தான் அடுத்த ஸ்டாப்.

மூட்டை கட்டி வந்த சிப்பி

காரை கிராமத்துக்கு வெளியே ரோட்டை விட்டு இறங்கினால் வேறு கிரகம். மண் மஞ்சளும் சிவப்புமாக, மழை நீர் அறுத்து அறுத்து ஆயிரம் ஓடைகளாகப் பிளந்து கிடக்கிறது. மரம் கிடையாது, நிழல் கிடையாது. நடுநடுவே கண்ணாடிச் சில்லு மாதிரி ஜிப்சம் மின்னுகிறது. சினிமாக்காரர்கள் பார்த்தால் விடமாட்டார்கள்.

பத்து நிமிஷம் குனிந்து நடந்தேன். காலடியில் துப்பாக்கித் தோட்டா மாதிரி வழுவழுப்பாக, ஒரு முனை கூராக ஒரு கல். பெலம்னைட்! கணவாய் மீனுக்குத் தூரத்துச் சொந்தக்காரரான ஒரு பிராணியின் உள் ஓடு. இன்னும் கொஞ்சம் தள்ளி, சுருட்டி வைத்த ஆட்டுக்கிடாக் கொம்பு மாதிரி ஒரு துண்டு. அம்மோனைட். உங்கள் வீட்டுப் பூஜையறையில் சாளக்கிராமம் இருந்தால் எடுத்துப் பாருங்கள், அதுவும் கண்டகி நதியிலிருந்து வந்த அம்மோனைட்தான்.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் கம்பை ஊன்றி நின்று பார்த்தார். "என்ன தம்பி, கல்லு பொறுக்க வந்தீயளா? காலேஜுப் புள்ளைங்க பஸ் பஸ்ஸா வருவாக. எல்லாம் கடல்ல கெடந்ததுங்கிறாக. கடல் எப்புடிய்யா இம்புட்டுத் தூரம் ஏறி வந்துச்சு?"

சூப்பர் கேள்வி! இதே கேள்வியைத்தான் ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் லியனார்டோ டாவின்சி கேட்டார். அவர் மிலான் நகரத்தில் பிரம்மாண்டமான குதிரைச் சிலைக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, மலைப் பக்கத்து விவசாயிகள் ஒரு பெரிய மூட்டை நிறையக் கடல் சிப்பிகளையும் பவளங்களையும் அவர் பட்டறைக்குக் கொண்டுவந்து கொட்டினார்களாம். மலையில் சிப்பியா? ஊரில் இரண்டு பதில் ரெடியாக இருந்தது. ஒன்று, நோவா காலத்துப் பெருவெள்ளம் அடித்துக்கொண்டு வந்தது. இரண்டு, நட்சத்திரங்களின் சக்தியால் பாறைக்குள் தானாக முளைத்தது.

டாவின்சி இரண்டையும் நம்பவில்லை. 1506-லிருந்து 1510-க்குள் எழுதிய ஒரு நோட்டில் (இதைத்தான் 1994-ல் பில் கேட்ஸ் 3 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கினார்) பக்கம் பக்கமாக வாதாடுகிறார். அதில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஒரு கணக்கு. மட்டி, மணலில் கோடு கிழித்துக்கொண்டு ஒரு நாளைக்கு மூன்று, நான்கு முழம்தான் நகரும். வெள்ளம் இருந்தது 40 நாள். அட்ரியாடிக் கடலிலிருந்து மலைக்கு அவர் கணக்கில் 250 மைல். போய்ச் சேருமா?

காரை மேட்டில் உட்கார்ந்து மொபைல் கால்குலேட்டரில் தட்டிப் பார்த்தேன். அந்த ஊர் முழம் சுமார் 60 செ.மீ. நாளைக்கு நாலு முழம், 40 நாள்... மொத்தம் 96 மீட்டர். எங்கள் ஹாஸ்டலிலிருந்து மெஸ்ஸுக்குக்கூடப் போய்ச் சேராது!

'சரி, வெள்ளம் தூக்கிக்கொண்டு வந்திருக்கலாமே?' என்றால், அதற்கும் பதில் வைத்திருக்கிறார். வெள்ளம் வாரிப் போட்டிருந்தால் எல்லாம் கலந்து குப்பையாகக் கிடக்கணும். ஆனால் பாறையில் அடுக்கடுக்காக இருக்கு. சில சிப்பிகளின் இரண்டு மூடிகளும் பிரியாமல் ஜோடியாக இருக்கு. அப்படியென்றால் அவை அங்கேயே வாழ்ந்து அங்கேயே செத்தவை. சிப்பி மலை ஏறவில்லை, கடலடிதான் மேலே வந்துவிட்டது.

இதைப் பெரியவரிடம் என் ஸ்டைலில் சொன்னேன். "அப்ப நாம நிக்கிறது கடலுக்கு அடியிலயா?" என்று காலைப் பார்த்துக்கொண்டார். பிறகு ஒரு ஆடு கொல்லைக்குள் நுழைய, ஹேய்ய்... என்று ஓடிவிட்டார்.

டாவின்சியின் நோட்டு அச்சாகாமல் கிடந்தது. 1669-ல் நிக்கோலஸ் ஸ்டீனோ என்ற டேனிஷ் டாக்டர், ஃப்ளாரன்ஸில் இருந்துகொண்டு, 'கீழ் அடுக்கு பழசு, மேல் அடுக்கு புதுசு' என்ற விதியை எழுதினார். அந்த விதியைக் கையில் வைத்துக்கொண்டுதான் 1860-களில் பிளான்ஃபோர்ட் என்ற ஆங்கிலேயர் இந்தக் காட்டையெல்லாம் சுற்றி, பாறைகளை ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என்று மூன்று தொகுதியாகப் பிரித்தார். இன்றைக்கும் கிரெட்டேசியஸ் காலக் கடலைப் பற்றிப் படிக்கிறவர்கள் எந்த நாட்டில் இருந்தாலும் 'அரியலூர்' என்ற பெயரை உச்சரித்தே ஆகணும். நம்ம ஊர் ஆளுக்குத்தான் அது சிமென்ட் லாரி!

அதுவும் சும்மா இல்லை. சுண்ணாம்புக்கல்லும் அந்தக் கடல் போட்ட பிச்சைதான். சிப்பி, ஓடு, நுண்ணுயிரி எல்லாம் கோடிக்கணக்கான வருஷம் படிந்து இறுகிய கால்சியம் கார்பனேட். அதைக் களிமண்ணோடு சேர்த்து 1,450 டிகிரியில் சுட்டால் கிளிங்கர், அரைத்தால் சிமென்ட். அரசாங்கத்தின் அரியலூர் ஆலை 1979-லிருந்து ஓடுகிறது, தனியார் ஆலைகள் சுற்றிலும். உங்கள் ஹாஸ்டல் சுவரில் எந்த அம்மோனைட் இருக்கோ!

'லாஸ்ட்' ஆன ராட்சசன்

இந்த இடத்தில் கொஞ்சம் சீரியஸ். இப்போதைய அரியலூர் மாவட்டத்தில் கல்லமேடு என்று ஒரு ஊர். அங்கே கிடைத்த பெரிய எலும்புகளை வைத்து, 1987-ல் யாதகிரி, அய்யாசாமி என்ற இரண்டு புவியியலாளர்கள் ஒரு டைனோசரை அறிவித்தார்கள். பெயர், பிருஹத்காயோசாரஸ். சம்ஸ்கிருதத்தில் 'பிருஹத்காய' என்றால் பேருடல். முழங்காலுக்குக் கீழே இருக்கிற ஒரே எலும்பு இரண்டு மீட்டர் நீளம். கணக்கு சரி என்றால், பூமியில் நடந்த மிகப் பெரிய பிராணிகளின் பட்டியலில் டாப்பில் வரவேண்டியது.

எந்த மியூசியத்தில் பார்க்கலாம்? எதிலும் பார்க்க முடியாது. எலும்புகள் உளுத்துப்போயிருந்தன, மழைக்கால ஈரத்தில் பொடிந்துபோயின. மிச்சம் சில கோட்டுப் படங்கள். அதனாலேயே 'அது எலும்பா, கல்மரமா?' என்று வெளிநாட்டு ஆட்கள் பல வருஷம் சந்தேகப்பட்டார்கள். 2022-ல் பழைய ஃபோட்டோக்கள் சில வெளியாகி, கதை மறுபடி உயிர்பெற்றது. கையில் பொருள் இல்லாமல், படத்தை வைத்துக்கொண்டு உலகம் சண்டை போடுகிறது. 

அதே நேரம் எதிர்ப் பக்கமும் ஒரு கூத்து. 2020 அக்டோபரில் குன்னம் பக்கம் ஒரு குளத்தில் உருண்டை உருண்டையாகக் கற்கள் கிடைக்க, 'டைனோசர் முட்டை!' என்று வாட்ஸ்அப் பற்றிக்கொண்டது. ஜனம் திரண்டது. புவியியல் ஆட்கள் வந்து பார்த்து, 'முட்டை இல்லை, அம்மோனைட்டைச் சுற்றி இறுகிய படிவு உருண்டை' என்றார்கள். உடனே ஊரில் பாதிப் பேருக்கு இன்ட்ரெஸ்ட் போய்விட்டது. கேட்டால், அந்த உருண்டை முட்டையைவிடச் சுவாரஸ்யம் என்பேன் நான். உள்ளே உட்கார்ந்திருப்பது ஒரு முழுக் கடல்!

அரியலூருக்குத் தெற்கே வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. வெயிலில் வறுபட்டு வந்தவர்களுக்கு நிழலும், காரையில் துண்டு துண்டாகப் பார்த்ததை முழுசாகப் பார்க்கிற வாய்ப்பும் கிடைக்கும்.

இத்தாலியிலிருந்து ஒரு சிலபஸ்

கீழப்பழுவூர் (ஆமாம், பழுவேட்டரையர் ஏரியாதான், பொன்னியின் செல்வன் ரசிகர்கள் ஒரு செல்ஃபி எடுத்துக்கொள்ளுங்கள்), திருமானூர் தாண்டினால் நிறம் மாறிவிடுகிறது. கரடு போய் நெல்லும் கரும்பும். கொள்ளிடக் காற்று. ஏலாக்குறிச்சி.

அடைக்கல மாதா கோயிலில் அன்றைக்குக் கூட்டம் இல்லை. குடும்பத்தோடு வந்தவர்கள் மரத்தடியில் டிபன் கேரியரைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். "தம்பி, ஒரு வாய் சாப்பிட்டுப் போப்பா" என்று ஒரு அம்மா புளிசாதத்தை நீட்ட, ஹாஸ்டல்காரன் வேண்டாம் என்பானா?

இந்த ஊரில் பல காலம் இருந்தவர்தான் கான்ஸ்டன்ஸோ ஜோசப் பெஸ்கி. நம்ம பாஷையில் வீரமாமுனிவர். சென்னை மெரினாவில் 1968-ல் வைத்த சிலைகளில் நீண்ட தாடியோடு நிற்கிறாரே, அவரேதான். ஊருக்குத் 'திருக்காவலூர்' என்று தமிழ்ப் பெயர் வைத்து, இங்குள்ள மாதாமேல் கலம்பகம் பாடியவர்.

இவர் பிறந்தது 1680-ல், இத்தாலியில் மான்டுவா அருகே காஸ்திலியோனே என்ற சின்ன ஊரில். மான்டுவா என்பது லேசுப்பட்ட இடம் இல்லை. லத்தீன் மகாகவி வர்ஜில் பிறந்த மண். கொன்சாகா என்ற பிரபுக் குடும்பத்துக்காக மான்டென்யா என்ற ஓவியர் அரண்மனையின் ஒரு அறைச் சுவர் முழுக்கவும் கூரையிலும் வரைந்து 1474-ல் முடித்தார். கூரை நடுவே வானம் திறந்து, மேலிருந்து ஆட்கள் நம்மை எட்டிப் பார்ப்பது மாதிரி ஒரு மாயம்! 1499 கடைசியில் மிலானைவிட்டுக் கிளம்பிய டாவின்சியும் இங்கே தங்கி, இசபெல்லா என்ற அரசியைக் கரிக்கோட்டில் வரைந்திருக்கிறார். ஆக, காரையில் நாம் சந்தித்த ஆளும் ஏலாக்குறிச்சி ஆளும் ஒரே ஊர்த் தண்ணீர் குடித்தவர்கள், இடையில் 180 வருஷம்.

'1680 என்றால் மறுமலர்ச்சி முடிந்துபோச்சே மச்சி?' என்று கேட்கிற புத்திசாலிகளுக்கு: காலம் முடிந்துவிட்டது, சிலபஸ் முடியவில்லை. இயேசு சபை தன் பள்ளிகளுக்கென்று 1599-ல் ஒரு பாடத்திட்டம் போட்டது. சிசரோ, வர்ஜில், இலக்கணம், யாப்பு, பேச்சுக் கலை... மறுமலர்ச்சி அறிஞர்கள் தூசி தட்டி எடுத்த அத்தனையும் அதில் உண்டு. அந்த சிலபஸில் தயாராகித்தான் பெஸ்கி 1710-ல் இந்தியாவுக்குக் கப்பலில் வந்து இறங்கினார். இங்கே வந்து அவர் செய்ததைப் பாருங்கள், பாடத்திட்டம் அப்படியே தெரியும்.

மூல ஏட்டைத் தேடு! சுவடி சுவடியாகத் தேடிப் படித்தார். இலக்கணம் எழுது! பேச்சுத் தமிழுக்கு லத்தீனில் ஒன்று, செந்தமிழுக்கு எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி ஐந்தும் சேர்த்துத் 'தொன்னூல் விளக்கம்'. அகராதி போடு! அதுவரை தமிழில் சொல்லுக்குப் பொருள் தேடணும் என்றால் செய்யுளாக இருக்கிற நிகண்டை உருப் போட்டிருக்கணும். 1732-ல் 'சதுரகராதி'யில் அகர வரிசையில் அடுக்கிக் கொடுத்தார். இன்றைக்கு நாம் டிக்‌ஷனரி ஆப்பில் தேடுகிறோமே, அந்த வசதிக்குத் தமிழில் பாதை போட்டது அது. கிளாஸிக்கை லத்தீனுக்குக் கொண்டு போ! 1730-ல் திருக்குறளை மொழிபெயர்த்தார். அறமும் பொருளும் மட்டும். காமத்துப்பாலுக்கு சாமியார் கத்தரி போட்டுவிட்டார். (அப்பவே சென்சார் போர்டு!) முட்டாள்களை வைத்துச் சிரிக்க வை! ஐரோப்பாவில் ஈராஸ்மஸ் 1511-ல் முட்டாள்தனத்துக்கே புகழ்மாலை எழுதி அறிவாளிகளைக் கிண்டலடித்தார். இங்கே பரமார்த்த குருவும் அவருடைய சீடர்களும். குதிரை முட்டை கதை ஞாபகம் இருக்கில்ல?

கடைசியாக, காவியம் பாடு! 'தேம்பாவணி', 3 காண்டம், 36 படலம், 3,615 பாட்டு. பத்தாம் வகுப்புத் தமிழில் கருணையன் தாயை இழந்து அழுகிற பகுதியைப் படித்திருப்பீர்கள். காவிய நாயகன் சூசை, அதாவது ஜோசப். ஹீப்ருவில் அந்தப் பெயருக்குப் 'பெருகுவது' என்கிற மாதிரி அர்த்தம். பெஸ்கி அதை 'வளன்' ஆக்கினார். யோவான் பெயரில் கடவுளின் கருணை இருக்கிறது, ஆகவே 'கருணையன்'. பெயர் மட்டுமா? யூதேயா நாட்டுக்கு நம்ம காவிய வழக்கப்படி நாட்டு வளம், நகர வளம், ஆறு, வயல் எல்லாம் வருகிறது. இத்தாலிய ஓவியர்கள் பெத்லகேமை வரையச் சொன்னால் பின்னால் தங்கள் ஊர்க் குன்றையும் மரத்தையும் வரைந்து வைத்தார்கள். இவர் அதே வேலையைக் கொள்ளிடக் கரைக் கண்ணால் செய்திருக்கிறார்.

மதம் பரப்ப வந்தவர்தானே என்று கேட்டால், ஆமாம், அதற்காகத்தான் வந்தார், மறைக்கவும் இல்லை. சண்டைக்காரரும்கூட. தரங்கம்பாடி லுத்தரன் மிஷனோடு காரசாரமாக வாதம் செய்து கண்டன நூல்கள் எழுதினார். ஆனால் செம ட்விஸ்ட் என்ன தெரியுமா? அவருடைய பேச்சுத் தமிழ் இலக்கணத்தை 1738-ல் அச்சடித்தது அதே தரங்கம்பாடி அச்சகம்! ஆளைப் பிடிக்காது, ஆனால் புக் நல்லா இருக்கே, என்ன செய்வது?

'கெட்டான்' யார், 'கேட்டான்' யார்?

எனக்கு ஏலாக்குறிச்சியில் ரொம்ப நேரம் யோசிக்க வைத்தது காவியம் இல்லை. ஒரு சுழி.

பழைய ஓலைச் சுவடியில் 'கெட்டான்' என்பதற்கும் 'கேட்டான்' என்பதற்கும் எழுத்தில் வித்தியாசம் தெரியாது. தொல்காப்பியக் கணக்குப்படி குறிலுக்குப் புள்ளி வைக்கணும். ஓலையில் புள்ளி குத்தினால் கிழியுமோ என்று எழுதுகிறவர்கள் புள்ளியையே விட்டுவிடுவார்கள். 'கொடி கொடு' என்றால் கொடியா, கோடியா, நீங்களே இடம் பார்த்து ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். தமிழ் ஊறிய ஆட்களுக்குப் பிரச்னை இல்லை. வெளியிலிருந்து வந்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படிக்கிறவனுக்கு? தலைவலி!

பெஸ்கி கொம்பை இரண்டாகப் பிரித்தார். குறிலுக்கு ஒற்றைக் கொம்பு, நெடிலுக்கு இரட்டைச் சுழிக் கொம்பு. எ-ஏ, ஒ-ஓ என்று உயிரெழுத்துக்கும் வேறுபாடு நிலைத்தது. இந்தக் கட்டுரையில் எத்தனை 'ே' வந்திருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள், அத்தனை இடத்திலும் மனுஷன் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

இதே வேலையை 1524-ல் இத்தாலியில் ஒருத்தர் செய்து பார்த்தார். விசென்ஸா நகரத்து அறிஞர் த்ரிஸ்ஸினோ. (ஆர்க்கிடெக்சர் மாணவர்கள் கவனிக்க: ஒரு கல்தச்சனுக்குப் 'பல்லாடியோ' என்று பெயர் சூட்டி, ரோமுக்குக் கூட்டிப் போய்க் கட்டடக்கலை மேதையாக்கியவர் இவர்.) இத்தாலிய மொழியிலும் எ, ஒ இரண்டுக்கும் இரண்டிரண்டு உச்சரிப்பு உண்டு, எழுத்து மட்டும் ஒன்றே ஒன்று. கிரேக்கத்திலிருந்து இரண்டு எழுத்தைக் கடன் வாங்கிப் பிரித்துக் காட்டலாம் என்று புத்தகம் போட்டார். ஊரே சேர்ந்து கிண்டலடித்தது. அந்த இரண்டு எழுத்தும் போணியாகவில்லை, இத்தாலியர்கள் இன்றைக்கும் ஊகித்துத்தான் படிக்கிறார்கள்.

அவரைப் பார்த்துத்தான் இவர் செய்தார் என்று நான் சொல்ல வரவில்லை. ஓலை எழுத்தாணிக்காரர்கள் பிரச்னை வேறு, இத்தாலிய அச்சுக்கூடங்களின் பிரச்னை வேறு. ஆனால் 'வழக்கம் இப்படித்தான்' என்பதோடு நிற்காமல், காதால் கேட்கிற ஒலியும் கண்ணால் பார்க்கிற எழுத்தும் பொருந்துகிறதா என்று சோதித்துப் பார்க்கிற குணம் இருக்கிறதே, சிப்பி மூடி ஜோடியாக இருக்கிறதா என்று பார்த்த அதே குணம்தான். இத்தாலியில் தோற்ற எ, ஒ கேஸ் இங்கே ஜெயித்துவிட்டது!

கேள்வி கேட்க இன்னொரு பக்கமும் இருக்கு. அதே மாவட்டத்தில் கங்கைகொண்ட சோழபுரம் நிற்கிறது, ராஜேந்திர சோழன் பதினோராம் நூற்றாண்டில் எழுப்பியது. 'ஐரோப்பா இருட்டில் இருந்தபோது...' என்று நம்ம ஆட்கள் அங்கே போய் மார்தட்டுவது வழக்கம். அழகில் சந்தேகமே இல்லை, தனிக் கட்டுரைக்கு மேட்டர் இருக்கிறது. ஆனால் அந்த விமானத்தின் அடிமட்ட அளவைக் கேட்டால் மார்தட்டுகிறவர்களில் எத்தனை பேர் சொல்வார்கள்? நான் அன்றைக்கு அங்கே போகவில்லை. பைக்கை இருட்டுவதற்குள் திருப்பித் தரணும்.

நீங்க போறீங்களா?

பெரம்பலூரிலிருந்தோ திருச்சியிலிருந்தோ பாடாலூர் வந்து கிழக்கே திரும்பினால் காரை, கொளக்காநத்தம் ரோடு. சாத்தனூரும் அந்தப் பக்கமே. பஸ் குறைவு, பைக் பெஸ்ட். மார்ச் முதல் ஜூன் வரை பகலில் காரைக்குப் போவது தற்கொலைக்குச் சமம். மழை ஓய்ந்த டிசம்பர், ஜனவரி காலை நேரம் சூப்பர். மழை புதுசாக அறுத்துவிட்ட ஓடையில்தான் புதுக் கற்கள் தலைகாட்டும். ஏலாக்குறிச்சிக்கு அரியலூர், தஞ்சாவூர் இரண்டு பக்கமிருந்தும் திருமானூர் வழியாகப் போகலாம்.

கல்லைப் பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள். ஷோகேஸில் உட்கார்ந்த பெலம்னைட்டால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை, எந்த அடுக்கில் கிடந்தது என்ற தகவல் போய்விட்டால் அது வெறும் கல். பக்கத்தில் ஸ்கேலோ ஒரு ரூபாய்க் காசோ வைத்து ஃபோட்டோ எடுங்கள். எந்தப் பக்கம் சாய்ந்து கிடக்கிறது, மேலே என்ன மண், கீழே என்ன மண் என்று இரண்டு வரி எழுதுங்கள். டாவின்சி மாதிரி வலமிருந்து இடமாகக் கண்ணாடி எழுத்தில் எழுதணும் என்று கட்டாயம் இல்லை.

என் ஃபோட்டோக்களை ரூம்மேட்டிடம் காட்டினேன். தலையணைக்கு இந்த முறை வேலையில்லை. ஜோடி மூடியோடு இருக்கிற ஒரு சிப்பியை ஜூம் பண்ணிப் பார்த்துக்கொண்டே இருந்தவன், "அடுத்த ஞாயிறு பைக் கிடைக்குமாடா?" என்றான். கேட்டிருக்கோம்.